முன்வாசல் வழியா போன தனக்கோடி அக்கா

துப்பாக்கின்னா தனக்கோடி அக்காவுக்கு ஆவவே ஆவாது. இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லன்னா நான் பின்னாடி சொல்றதைக் கேட்டுட்டு, யாரோ பெரிய வீராங்கனை போலன்னு நெனச்சுப்பீங்க. தீபாவளிக்கு சந்துல பசங்க லட்சுமி வெடி வெச்சா அக்கா உள்ள போய் கதவைச் சாத்திக்கும். குக்கர் விசில் அடிச்சாலே தூக்கிவாரிப் போடும். அந்த அக்காதான், ஒரு துப்பாக்கியை சர்க்காரு புடுங்கக் கூடாதுன்னு எம்.எல்.ஏ. வீடு எம்.எல்.ஏ. வீடா ஏறி எறங்கிச்சு. கூட ஆட்டோ ஓட்டினவன் நான். இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு மேல் சிலிர்க்குது.

என் பேரு சீனு. பொறந்தது பெங்களூர் நீலசந்திரா, ஆட்டோ ஓட்டறதும் நீலசந்திரா. எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, கோவம் அதைவிட ஜாஸ்தி. யாரையும் பாத்து லேசுல வாயைப் பொளக்கற ஆளு இல்ல நான். அக்காவும் அவங்க வீட்டுக்காரர் அர்ஜுனன் அண்ணனும் எங்களுக்குப் பக்கத்து வீடு. நடுவுல ஒரே சுவரு. அங்க மொளகா வறுத்தா இங்க நாங்க தும்முவோம்.

அர்ஜுனன் அண்ணன் பட்டாளத்துல இருந்தவரு. அல்சூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் ரெஜிமெண்ட்ல சேந்து, காஷ்மீர் பக்கமெல்லாம் பாலம் கட்டிட்டு, ரிட்டயர் ஆகி வந்து பேங்க் வாசல்ல கன்மேனா நின்னாரு. அந்தக் காலத்துல பேங்குல கன்மேன் வேலைக்குப் போனா முதல் கேள்வியே, "சொந்தத் துப்பாக்கி இருக்கா? லைசென்ஸ் இருக்கா?" அதுதான். இருந்தா வேலை, இல்லன்னா நடையைக் கட்டு. அண்ணன் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி லைசென்ஸும் எடுத்து வெச்சிருந்தாரு. காலையில தோள்ல மாட்டிட்டு பஸ் ஏறுவாரு, சாயங்காலம் மாட்டிட்டே எறங்குவாரு. அப்படி ஒரு நிமிர்ந்த நடை. பேசறது மட்டும் ரொம்பக் கம்மி. சிரிச்சாக்கூட அட்டென்ஷன்லதான் சிரிப்பாரு.

வீடுன்னு சொன்னா ஒரு ரூம், ஒரு சமையல் மறைவு, அவ்வளவுதான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு இடுக்கு. ராத்திரி துப்பாக்கி அங்க உறை மாட்டி நிக்கும், தோட்டா பீரோவுக்குள்ள பூட்டி இருக்கும். அந்த இடுக்குல அக்கா ஒரு துணியைக்கூட மாட்டாது. பெருக்கும்போதுகூட அந்த மூலையை அண்ணன்தான் பெருக்கணும். ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும், வேற வழியில்லாம, விரல் நுனியால ஒரு பொட்டு சந்தனம் வெச்சிட்டு கையைக் கழுவிக்கும். நாங்க எல்லாரும் கேலி பண்ணுவோம். "இன்னா அக்கா, சக்களத்திக்குப் பொட்டு வெச்சாச்சா?" அப்படின்னு நான் கேட்டா, கரண்டியைத் தூக்கிட்டு வரும்.

தொண்ணூத்தேழுல வந்துச்சு வினை. அந்த மாசி மாசம் எங்கயோ வட கர்நாடகாப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துல, மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது, காவலுக்கு வந்த ஒரு கன்மேன் குஷியில வானத்தைப் பாத்து சுட்டிருக்கான். தூக்கின குழல் சாய்ஞ்சு போச்சு. மாடியில நின்னு வேடிக்கை பாத்த ஒரு பையன் மேல பட்டு அங்கேயே போயிட்டான். யார் வீட்டுப் பையன்னு நாங்க கேட்டுக்கல. நீலசந்திராவுல உக்காந்துட்டு அதை நாம எதுக்குக் கேப்போம்? ஆனா சட்டசபையில கேட்டாங்க. ஆடி மாசக் கூட்டத்துல தனியார் காவல்காரங்களுக்குன்னு ஒரு மசோதா வந்துச்சு. அதுல ஒரு பிரிவு: சொந்த லைசென்ஸ் துப்பாக்கியை எவனும் கூலி வேலைக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, அப்படி வேலை செய்யறவன் எல்லாம் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணும்.

பேங்க் மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு சொல்லிட்டாரு. சட்டம் வந்தா நாங்க வேற கம்பெனியிலேருந்து ஆள் எடுத்துப்போம், நீங்க பாத்துக்கோங்கன்னு. அண்ணன் அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டாம உக்காந்திருந்தாரு. சுவரு மெல்லிசாச்சே, எனக்கு எல்லாம் கேக்குது. "கோடி, அவங்க வேலைக்கு வெச்சது துப்பாக்கியை. நான் அதைத் தூக்கிட்டு வர்ற ஆளு" அப்படின்னாரு. அவ்வளவுதான் பேச்சு. அம்பது வயசு ஆளுக்கு வேற எவன் வேலை குடுப்பான்? அக்கா கோரமங்களாவுல ஒரு வீட்டுல சமைக்குது, அந்த சம்பளத்துல வாடகை குடுக்கறதா, பொண்ணு வித்யாலட்சுமியை பள்ளிக்கூடம் அனுப்பறதா? அண்ணன் வேலை போச்சுன்னா அவங்களுக்கு பெங்களூரே போச்சு. அது எங்க எல்லாருக்கும் தெரியும்.

முதல்ல எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சாங்க. கன்மேனுங்க எல்லாம் ஒண்ணா சேந்து, கோர்ட்டு வாசல்ல கன்னடத்துல ஒரு மனு டைப் பண்ணி, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில புடிச்சிக்கிட்டு, நம்ம தொகுதி எம்.எல்.ஏ. வீட்டு கேட்டாண்ட விடியக்காலையில போய் நின்னாங்க. அண்ணன் வாய் தொறக்க மாட்டாருன்னு அக்காவும் என் ஆட்டோவுல கூட வந்துச்சு. பி.ஏ. வந்தான். மனுவை வாங்கினான். பழத்தையும் வாங்கினான். "நோடோணா" அப்படின்னான். பாக்கலாம்னு அர்த்தம். பாக்கலாம்னு சொல்ற மூஞ்சியா அது? எனக்கு வந்த கோவத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை விட்டிருப்பேன். அண்ணன் அவனுக்கு ஒரு சல்யூட் அடிச்சிட்டுத் திரும்பினாரு. பட்டாளத்துல கெஞ்சறதுக்கு யாரும் பாடம் எடுக்கல போல.

நாங்க அப்படி நின்னுட்டு இருக்கும்போதே, எங்களைத் தாண்டி ஒரு பூக்காரி கூடை நெறைய தாமரையும் தாழம்பூவும் எடுத்துட்டு உள்ள போனா. வர்ற வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி பண்டிகை. அக்கா அந்தப் பூக்கூடையையே பாத்துட்டு இருந்துச்சு. ஆட்டோவுல திரும்பி வரும்போது என் முதுகுக்குப் பின்னாடி குரல் வருது.

"சீனு, வெள்ளிக்கிழமை சவாரி எதுனா ஒத்துக்கிட்டிருக்கியா?"

"இல்லியே, ஏன்க்கா?"

"எம்.எல்.ஏ.ங்க வீடெல்லாம் எங்கெங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஆட்டோக்காரனைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? ஜெயமஹால், ஆர்.டி. நகர், சதாசிவநகர்... எதுக்குக் கேக்கறே? பி.ஏ.ங்களுக்கு எலுமிச்சம்பழம் சப்ளை பண்ணப் போறியா?"

"அன்னிக்கு பி.ஏ. எதுக்கு? அன்னிக்கு மஞ்சள் குங்குமத்துக்கு வர்ற பொம்பளையை எந்த வீட்டுலயாவது வாசல்ல நிக்க வெச்சுப் பேசுவாங்களா?"

நான் பிரேக்கைப் புடிச்சு வண்டியை ஓரம் கட்டிட்டேன். இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேணாம். வரமகாலட்சுமி அன்னிக்கு வீட்டுல கலசம் வெச்சு, அம்மன் முகம் வெச்சு, புடவை கட்டி உக்கார வெச்சிருப்பாங்க. சுமங்கலி யார் வந்தாலும் அம்மனே வந்த மாதிரிதான். உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, மஞ்சள் குங்குமம் குடுத்து, தாம்பூலம் குடுத்துதான் அனுப்பணும். கூப்பிடாம வந்தாக்கூட சந்தோசம்தான் படுவாங்க. காலங்காலமா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதை இப்படித் திருப்பிப் பாக்கலாம்னு யாருக்குத் தோணிச்சு? சட்டம் படிச்சவனுக்குத் தோணல, சங்கம் வெச்சவனுக்குத் தோணல. குக்கர் சத்தத்துக்கு பயப்படற ஒரு அக்காவுக்குத் தோணியிருக்கு.

வெள்ளிக்கிழமை காலையில அக்கா வெளிய வந்துச்சு பாருங்க, எனக்கு அடையாளமே தெரியல. கல்யாணத்துக்குக் கட்டின அரக்குப் பட்டு. தலை நெறைய கனகாம்பரம். கையில ஒரு தாம்பாளம், அதுல பழமும் பூவும். அண்ணன் டியூட்டிக்குப் போயாச்சு, அவருக்கு விஷயம் சொல்லல. ஆட்டோவுல ஏறி உக்காந்ததும் ஒரு வார்த்தை சொல்லிச்சு. "கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாளா நான் பெரிய வீடுங்களுக்குப் பின்வாசல் வழியாத்தான் போயிருக்கேன், சீனு. முன்வாசல்ல செருப்பை எந்தப் பக்கம் விடறதுன்னுகூட எனக்குத் தெரியாது." நான் மீட்டரைத் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

முதல் வீடு ஜெயமஹால். கேட்டுல போலீஸ்காரன் நிக்கறான். வெளிய ஆம்பளைங்க கூட்டம், கையில கையில மனு. அக்கா அவங்க யாரையும் பாக்கல. நேரா போச்சு. போலீஸ்காரன் தாம்பாளத்தைப் பாத்தான், பட்டைப் பாத்தான், தானா ஒதுங்கி வழி விட்டான். நான் கேட்டாண்ட நின்னு வாயைப் பொளந்துட்டேன். அந்த ஆம்பளைங்க எல்லாம் எத்தினி நாளா அங்க காத்துக் கெடந்தாங்களோ பாவம்.

வெளிய வந்தப்போ அக்கா நெத்தியில புதுக் குங்குமம், கையில தேங்காய், ரவிக்கைத் துணி. முகம் ஜொலிக்குது. "இன்னாக்கா சொன்னே?" அப்படின்னேன். "சாமி கும்பிட்டேன். பாட்டு பாடச் சொன்னாங்க, ரெண்டு வரி பாடினேன். அப்புறம், என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர், துப்பாக்கியைப் புடுங்கிட்டா எங்க வீட்டுல அடுப்பு எரியாது, உங்க வீட்டுக்காரர் சாப்பிட உக்காரும்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கம்மான்னு கேட்டேன். அந்தம்மா, சாப்பிடும்போது எதுக்கு, இப்பவே சொல்றேன்னு மாடியைப் பாத்துக் குரல் விட்டாங்க. எம்.எல்.ஏ. பனியனோட எறங்கி வந்தாரு, சீனு!"

எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. அக்கா பயப்படுமேன்னு அடிக்கல.

அப்படியே ஆர்.டி. நகர், அப்படியே சதாசிவநகர். ஒரு வீட்டுல மாமியார்க்காரி தாம்பூலத்தைக் கையில வெச்சுக்கிட்டே, "நீங்க இன்னா ஜனம்மா?" அப்படின்னு இழுத்தாளாம். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா? நானா இருந்தா தேங்காயை அங்கேயே ஒடச்சிட்டு வந்திருப்பேன். அக்கா அசரல. "ராணுவத்து ஜனம்மா" அப்படின்னுச்சாம். கெழவி வாயை மூடிக்கிட்டு தாம்பூலத்தைக் குடுத்துட்டாளாம். இன்னொரு வீட்டுல கேட்டுல சிலுவை போட்டிருக்கு. "அக்கா, இங்க ஏது வரமகாலட்சுமி, வா போலாம்" அப்படின்னேன். "பண்டிகை இல்லன்னாலும் பொம்பளை இருப்பால்ல?" அப்படின்னுட்டு உள்ள போச்சு. குங்குமம் இல்ல, கேக்கு குடுத்தாங்க. எல்லார் வீட்டுலயும் தலையாட்டினாங்க, அந்த வீட்டு அம்மா ஒருத்திதான் மசோதாவுல எந்தப் பிரிவுன்னு கேட்டுக்கிட்டாங்களாம். வண்டியில பின் சீட்டு முழுக்க தேங்காய் உருளுது. திருப்பத்துல எல்லாம் ஒரு பக்கமா ஓடும். எங்களுக்கு சிரிப்பு தாங்கல. ஜெயிச்சாச்சுன்னே நெனச்சுட்டோம்.

மத்தியானத்துக்கு மேல ரங்கநாத்ன்னு ஒரு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். சட்டசபையில எழுந்து நின்னு அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினதே அவருதான். அங்கதான் கட்டாயம் போகணும்னு அக்கா சொல்லிட்டே வந்துச்சு. பெரிய வீடு. ஆனா வாசல்ல கோலம் இல்ல. நெலையில மாவிலைத் தோரணமும் இல்ல.

"அக்கா, இங்க பண்டிகை மாதிரி தெரியல" அப்படின்னேன்.

"வாசல் பெருசுடா. உள்ள பூஜை ரூம்ல கட்டியிருப்பாங்க. நீ அந்தத் தேங்காய்ப் பையைத் தூக்கிட்டு வா, என் கை கடுக்குது."

அதனாலதான் நான் உள்ள போனேன். அதனாலதான் இதைப் பாத்தேன். கன்னடத்துலதான் பேச்செல்லாம், நான் நம்ம பாஷையில சொல்றேன்.

ஹால் இருட்டா இருக்கு. பூ வாசனை இல்ல, ஊதுவத்தி வாசனை இல்ல. தரையில ஒரு அம்மா சுவத்துல சாய்ஞ்சு உக்காந்திருக்காங்க. எம்.எல்.ஏ. சம்சாரம் சந்திரம்மா அவங்கதான். அக்கா பளபளன்னு பட்டோட, தலை நெறைய பூவோட போய் நின்னு, "குங்குமம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேம்மா" அப்படின்னுச்சு.

உள்ளேருந்து ஒரு வேலைக்காரப் பொண்ணு ஓடி வந்து, "ஏம்மா, கண்ணு தெரியல? இந்த வீட்டுல இந்த வருஷம் பண்டிகை கெடையாது" அப்படின்னு பல்லைக் கடிச்சா. அக்கா முகத்துல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுல போய் பண்டிகைக் குங்குமம் கேக்கறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கேட்டவங்களுக்கும் சங்கடம், குடுக்க முடியாதவங்களுக்கும் சங்கடம். எனக்கு பையைப் போட்டுட்டு ஓடிடலாம்னு இருந்துச்சு.

சந்திரம்மா வேலைக்காரியைக் கையால அடக்கினாங்க. "பரவால்ல, தெரியாம வந்துட்டே. யாரு நீ? என்ன விஷயமா வந்தே?"

அந்த எடத்துல, சும்மா கும்பிடத்தான் வந்தேன்னு சொல்லிட்டு அக்கா நழுவி வந்திருக்கலாம். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். அக்கா சொல்லிச்சு: "என் வீட்டுக்காரர் பேங்குல கன்மேன். அந்தத் துப்பாக்கி சட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேக்க வந்தேன்."

சந்திரம்மா சுவத்தைக் காட்டினாங்க. மாலை போட்ட போட்டோ. மீசை இப்பத்தான் முளைக்குது அந்தப் பையனுக்கு. "என் மைத்துனர் புள்ள. பெத்தது அவங்க, வளத்தது நான். என் தட்டுலதான் சாப்பிடுவான். பெரியம்மா, மாடியில நின்னு ஊர்வலம் பாத்துட்டு வந்துடறேன்னு போனான்." போட்டோவுலேருந்து அக்கா பக்கம் திரும்பினாங்க. "சுட்டவனும் உன் புருஷன் மாதிரி ஒரு கன்மேன்தான். இப்ப சொல்லு. என்ன கேக்க வந்தே?"

போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். அக்கா முதல்ல தலையிலேருந்து பூவை எடுத்துச்சு. தாம்பாளத்தோட சேத்து என் கையில குடுத்துச்சு. பட்டுப் புடவையோட அந்த அம்மா பக்கத்துல வெறுந்தரையில உக்காந்துச்சு. எம்.எல்.ஏ. வீடு, மனு, மசோதா எதுவும் அந்த முகத்துல இல்ல.

"புள்ள பேரு இன்னாம்மா?"

"அவினாஷ்."

"எனக்கு ஒரே பொண்ணும்மா. தவழற வயசுல ஒரு நாள், நான் அரிசி களைஞ்சிட்டுத் திரும்பறேன், குழந்தை அந்தத் துப்பாக்கியைத் தரையில சாய்ச்சுப் போட்டு, குழல் வாயில தன் வாயை வெச்சு ஊதிட்டு இருக்கு. தோட்டா இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் ஈரக்குலை அத்துப் போச்சு. அவருகிட்ட நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. சொன்னா அவரு வேலையை விட்டுடுவாரு. அன்னியிலேருந்து நான் அந்த மூலைக்கும் குழந்தைக்கும் நடுவுலதான் படுக்கறேன். ஒரு ராத்திரிகூட இடம் மாறிப் படுத்ததில்ல."

சந்திரம்மா நிமிந்து பாத்தாங்க. அக்கா சொல்லிட்டே போச்சு.

"நீங்க கேட்ட சட்டம் தப்புன்னு என் வாயால நான் சொல்ல மாட்டேன்மா. துப்பாக்கி வீட்டுக்கு வரக் கூடாது. கல்யாணத்துக்குப் போகக் கூடாது. பஸ்ஸுல ஏறக் கூடாது. ஆனா பேங்க் வாசல்ல அவரு கையில இருக்கட்டும். சாயங்காலம் பேங்குலயே வெச்சுப் பூட்டட்டும், காலையில எடுத்துக் குடுக்கட்டும். வேலையும் இருக்கும், வீட்டுல நானும் தூங்குவேன். இதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெரியல."

ஐயோ, சொல்றேன் கேளுங்க. காலையிலேருந்து எத்தினி வீடு ஏறினோம், எங்கயும் அக்கா இதைக் கேக்கல. எல்லா வீட்டுலயும் துப்பாக்கியை விட்டுடுங்கன்னுதான் கேட்டுச்சு. அந்தத் தரையில உக்காந்த நிமிஷத்துலதான் இது வந்துச்சு. அந்த சுவத்துக்கு இந்தப் பக்கம் இத்தினி வருஷம் நான் படுத்திருக்கேன், எனக்கே தெரியாதே! சக்களத்தின்னு கேலி வேற பண்ணியிருக்கோம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தொடைக்கக் கை இல்ல, ரெண்டு கையிலயும் தாம்பாளமும் தேங்காயும்.

சந்திரம்மா ஆகட்டும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. "எந்த ஏரியா?" அப்படின்னாங்க. "நீலசந்திரா, மாரியம்மன் கோயில் சந்து, கன்மேன் வீடுன்னா சொல்லுவாங்க" அப்படின்னுச்சு அக்கா. ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. அக்கா குடிச்சிட்டு எழுந்துச்சு. அவ்வளவுதான்.

வெளிய வந்ததும் நான், "இன்னும் ஜெயநகர் பக்கம் பாக்கி இருக்கு, ஏறு" அப்படின்னேன். "வேணாம் சீனு. வீட்டுக்கு விடு." லாங்ஃபோர்டு ரோடாண்ட வந்ததும் சின்னக் குரல்ல, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா குங்குமம் கேட்டு, கெடைக்காம திரும்பிட்டேன்டா" அப்படின்னுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மசோதா கிசோதா எல்லாம் அக்கா மனசுல அப்ப இல்ல. குங்குமம்னா புருஷன். கேட்டு இல்லன்னு ஆயிடுச்சுன்னா புருஷனுக்கு ஏதாவது ஆயிடுமோங்கற பயம் புடிச்சிடுச்சு. "மத்த வீட்டுல எல்லாம் வாரி வாரி வெச்சாங்களே, உன் நெத்தியே தெரியலியே" அப்படின்னு நான் சிரிக்க வெக்கப் பாத்தேன். சிரிக்கல.

அடுத்த வாரம் விதான சௌதாவுல, அதான் சட்டசபைக் கட்டடத்துல, வேலை செய்யற ஒருத்தர் என் வண்டியில ஏறினாரு. அவரு வாயால கேட்டேன். அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கின ரங்கநாத்தே எழுந்து நின்னு, "வேலையைப் புடுங்க வேணாம், துப்பாக்கி வேலை செய்யற எடத்துலயே பூட்டி இருக்கணும், வீட்டுக்கும் விசேஷத்துக்கும் போகக் கூடாதுன்னு மாத்துங்க" அப்படின்னாராம். மத்த எம்.எல்.ஏ.ங்க, அவங்க காதுல ஏற்கனவே வீட்டம்மாங்க மந்திரம் ஓதியிருந்தாங்களே, மேசையைத் தட்டினாங்களாம். நான் அந்த ஆளை விதான சௌதா வாசல்ல எறக்கி விட்டுட்டு, அந்தக் கட்டடத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னேன். இத்தாம் பெரிய கல்லுக் கட்டடம். அதுக்குள்ள நம்ம சந்து அக்கா சொன்ன வார்த்தை போய், அப்படியே எழுத்தாகுதுன்னா? பின்னாடி வந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சுத் திட்டினதும்தான் கெளம்பினேன்.

சட்டம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே பேங்குல ஏற்பாடு பண்ணிட்டாங்க. ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் பஸ்ஸைவிட்டு எறங்கி வர்றாரு, தோள் காலி. ஒரு பக்கம் பாரம் கொறைஞ்சதுல நடையே கோணலா இருக்கு. வீட்டுக்குள்ள போனதும் கத்தல். நான் அவரு கத்திக் கேட்டது அதுதான் முதல் தடவை. "வேலை இருக்காம், ஆனா துப்பாக்கியை அங்கேயே வெச்சிட்டு வரணுமாம்! பட்டாளத்துக்காரன் ஆயுதத்தை அடுத்தவன் பூட்டுல வெச்சிட்டு வீட்டுக்கு வருவானா? எவனோ வேலைவெட்டி இல்லாதவன் உக்காந்து எழுதியிருக்கான் கோடி! எவன்டா அவன்?" நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கிட்டேன். அந்தப் பக்கம் அக்கா சோறு போடற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அன்னியிலேருந்து வருஷம் முழுக்க அவரு அந்த "எவனோ"வைத் திட்டாத நாளில்ல. அக்காவோ வருஷம் முழுக்க பயந்துட்டே இருந்துச்சு. அண்ணனுக்கு ஒரு தும்மல் வந்தா கஷாயம். பஸ் லேட்டானா சந்து முனையில போய் நிக்கும். அவரு நெஞ்சைத் தடவினா கோயிலுக்கு ஓடும். துப்பாக்கி வீட்டைவிட்டுப் போயாச்சு, அக்கா மட்டும் இன்னும் தூங்கல.

அடுத்த வருஷம் வரமகாலட்சுமி. சாயங்கால நேரம். எங்க சந்துல வெள்ளைக் கார் ஒண்ணு நுழைய முடியாம முனையில நிக்குது. அதுலேருந்து சந்திரம்மா எறங்கி, சாக்கடையைத் தாண்டி, கையில வெள்ளித் தட்டோட நடந்து வர்றாங்க. சந்தே எழுந்து நின்னுச்சு. நான்தான் ஓடிப் போய் வழி காட்டினேன். "அக்கா! அக்கா! யார் வந்திருக்காங்க பாரு!"

அக்கா அடுப்பாண்டயிருந்து அப்படியே ஓடி வந்துச்சு. கைத்தறிப் புடவை, இடுப்புல சொருகின முந்தானை. சந்திரம்மா நெலையைத் தாண்டி உள்ள வந்து, முதல்ல கேட்டது ஒண்ணுதான்.

"எந்த மூலைம்மா?"

அக்கா பீரோவுக்குப் பக்கத்து இடுக்கைக் காட்டிச்சு. அங்க வித்யாவோட ஸ்கூல் பை தொங்குது, பக்கத்துல ஒரு மழைக்கோட்டு, கீழ ஸ்கிப்பிங் கயிறு. சந்திரம்மா அதையே பாத்துட்டு நின்னாங்க. மழைக்கோட்டோட கையைத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் திரும்பி, தட்டுலேருந்து குங்குமத்தை எடுத்து அக்கா நெத்தியிலயும் வகிட்டுலயும் அழுத்தி வெச்சாங்க.

"போன வருஷம் வீட்டுப் படியேறி வந்து கேட்டே. குடுக்க முடியாம அனுப்பிட்டேன். ஒரு வருஷமா அது என் நெஞ்சுல உக்காந்திருந்துச்சு. வருஷம் திரும்பி எங்க வீட்டுல முதல் பண்டிகை இது. முதல் குங்குமம் உனக்குத்தான்னு எடுத்து வெச்சேன்."

அக்கா ஓன்னு அழுதுடுச்சு. அந்த அம்மாவும் அழுதாங்க. யாரு எம்.எல்.ஏ. சம்சாரம், யாரு சமையக்காரின்னு அந்த நேரத்துல என்னைக் கேட்டிருந்தா எனக்கே சொல்லத் தெரிஞ்சிருக்காது.

அதே நேரம் பாத்து அண்ணன் டியூட்டி முடிஞ்சு வந்து வாசல்ல நிக்கறாரு. வழக்கம் போல அட்டென்ஷன். சந்திரம்மா கண்ணைத் தொடைச்சிட்டு அவரைப் பாத்து, "நீங்கதானா அது? துப்பாக்கி பேங்குலயே பூட்டி இருக்கட்டும்னு எங்க வீட்டுத் தரையில உக்காந்து கேட்டாங்க உங்க சம்சாரம். அதைத்தான் நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அதுதான் சட்டசபையில போச்சு" அப்படின்னுட்டு, காருக்குத் திரும்பி நடந்தாங்க.

அண்ணன் அசையாம நிக்கறாரு. வாய் மட்டும் மெதுவா தொறக்குது. ஸ்கூல் பையைப் பாத்தாரு, அக்காவைப் பாத்தாரு.

"ஒரு வருஷமா எவனோ எவனோன்னு திட்டிட்டு இருக்கேனே கோடி... நீயா?"

அக்கா முந்தானையால முகத்தைத் தொடைச்சுது. நெத்திக் குங்குமம் கலையாம பாத்துக்கிச்சு.

"ஆமா, நான்தான். கை காலைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

அன்னிக்கு ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்கற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அக்கா குறட்டை விட்டுச்சு. இத்தினி வருஷத்துல அக்கா குறட்டையை நான் கேட்டதே இல்ல.